டர்பன்காரருக்குக் கொடுக்காத அறை

கறுப்பருக்கு அறை கொடுக்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டே, இனவெறிக்கு எதிராக மேடை போடுகிறவர்கள் நாங்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2011 கோடைகாலம். பாரிஸ் புறநகரான சார்செல்லில் எங்கள் வீட்டில் ஒரு அறை காலியாக இருந்தது. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் என்ற தெருவில் உள்ள ஒரு பலசரக்குக் கடைக் கண்ணாடியில் 'தமிழருக்கு மட்டும்' என்று எழுதி விளம்பரம் ஒட்டினேன். ஞாயிறு மத்தியானம் அந்தக் கடையில் என்னைச் சந்திக்க ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். தென்னாபிரிக்காவில் டர்பனில் பிறந்த தமிழர். பாரிசில் மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறதாம். மகளிடம் இருப்பது ஒற்றை அறை. மூன்று மாதம் தங்க இடம் வேண்டும் என்றார்.

தடுமாறிய தமிழில் தன் கதையையும் சொன்னார். அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, அவர்கள் தெரு இனி வெள்ளையருக்குத்தான் என்று அரசாங்கம் அறிவித்து, சாமான்களை லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டதாம். நாங்களும் இலங்கையில் போருக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள்தானே. சாவியை எடுத்துக் காட்டி, இப்போதே போய்ப் பார்க்கலாம் என்றேன்.

அப்போது அவர் மனைவி உள்ளே வந்தார். கறுப்பினப் பெண். கையில் குழந்தைத் துணிகள் வாங்கிய பை. இனத்துக்கொரு பகுதி என்று அரசு பிரித்து வைத்ததால் பல வருடம் ஒளித்துத்தான் சந்தித்தோம் என்று கணவர் சிரித்தார்.

கடைக்காரர் என் காதுக்குள், "அண்ணை, பக்கத்து வீட்டுச் சனம் என்ன கதைக்கும்? யோசிச்சுச் செய்யுங்கோ" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"ஐயா, மறந்துபோனன். அறை எடுபட்டிட்டுது."

அவர் கோபப்படவில்லை. "அங்க சர்க்கார் சொல்லிப் பிரிச்சாங்க. உங்களுக்கு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். மனைவி அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பின்னால் ஓடிப் போயிருக்கலாம். நான் போகவில்லை. அடுத்த வாரம் அறையை ஒரு தமிழ்ப் பெடியனுக்குக் கொடுத்தேன்.

பிறகு, இனவெறிக்கு எதிராக மேடை போடும் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி, இப்படியான விளம்பரங்களை நிறுத்துவோம் என்றேன். எனக்கு விசர், பைத்தியம் என்று சிரித்தார்கள். இன்றைக்கும் ஒட்டுகிறார்கள். அந்த இருவரையும் நான் திரும்பக் காணவில்லை. மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை, இது மாறும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. வெட்கம்தான் மிச்சம்.

சங்கத் தலைவரே, அன்று நீங்களும் சிரித்தீர்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஒலிவாங்கியில், மழுப்பாமல் சொல்லுங்கள்: அந்த அம்மா உங்கள் வாசலில் வந்து நின்றால் அறை கொடுப்பீர்களா, இல்லையா?