சந்தாபுராவில் நின்ற மஞ்சள் சிவப்புத் துண்டு

சிவாஜிநகரில் எங்களுடையது துண்டு, வேட்டி, லுங்கிக் கடை. சரக்கெல்லாம் ஈரோட்டிலிருந்து வரும். திங்கட்கிழமை சொன்னால் வியாழக்கிழமை லாரியில் வந்து இறங்கிவிடும். காவிரித் தண்ணீர்ச் சண்டை மூளும் வருடங்களில் மட்டும் லாரி வராது. அலமாரி காலியாகும், என் வாய் நீளும். கல்லாவில் உட்காருவது நான்தான். வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம். எங்கள் தெருக் கன்னடச் சங்கத் தலைவர், கன்னட மாநிலம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்தின் ஊர்வலத்துக்கு முந்நூறு துண்டு சொல்லியிருந்தார். மஞ்சளும் சிவப்பும், கன்னடக் கொடியின் நிறம். வருடா வருடம் நவம்பர் முதல் தேதி அவருடைய ஆட்கள் தோளில் போடும் துண்டு எங்கள் கடையில் வாங்கியதுதான். அதை எங்கே நெய்கிறார்கள் என்று அவர் கேட்டதில்லை. நாங்களும் வாயைத் திறந்ததில்லை.

அந்த அக்டோபரில் சண்டை முற்றியது. ஊர்வலத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது லாரி டிரைவர் போன் செய்தார். எல்லையைத் தாண்டி வந்தவரை, எங்கள் ஊருக்குச் சற்று வெளியே சந்தாபுராவில் மறித்துவிட்டார்களாம். நிஜமாகவே பயந்தேன். தமிழ்க் கடைக்காரன் வேண்டுமென்றே விழாவைக் கெடுத்தான் என்று எவனாவது ஒருவன் சொன்னால் போதும், அப்புறம் ஷட்டரைத் தூக்க முடியாது.

போனை வைப்பதற்குள் தலைவரே வந்து நின்றார்.

"ஏன்மா, நம்ம துண்டு எங்க?"

"சந்தாபுராவுல நிக்குது சார்."

"ஏன் நிக்குது?"

"உங்க பசங்க மறிச்சி வச்சிருக்காங்க."

அவருக்கு உடனே விளங்கவில்லை. "நம்ம துண்டு ஏன் அந்தப் பக்கத்துலேர்ந்து வருது?"

"பத்து வருஷமா அங்கேர்ந்துதான் சார் வருது. இப்ப நீங்க போட்டிருக்கீங்களே, அதும் சேத்து."

வீட்டுக்காரர் என்னை முறைத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலைவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மறுபடி போட்டுக்கொண்டார்.

"நடீரி, போலாம். கார் வெளிய இருக்கு."

சந்தாபுராவில் லாரிகள் வரிசையாக நின்றன. எங்கள் லாரியைச் சுற்றிச் சங்கத்துப் பையன்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் தார்ப்பாயை விலக்கி ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே மஞ்சளும் சிவப்பும். கோஷம் நின்றுவிட்டது. ஒருத்தன் ஒரு துண்டை உருவித் தோளில் போட்டான். அவ்வளவுதான், தலைவர் கன்னடத்தில் கத்தக் கத்த, பந்திக்கு முந்துகிற மாதிரி ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் லாரிக்கு வழி கிடைத்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திரும்பிப் பார்த்தேன். புதுத் துண்டு மினுமினுக்க, அவர்கள் அடுத்த ஈரோட்டு லாரியை மறித்துக்கொண்டிருந்தார்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

காரில் தலைவர் தோளில் கிடந்த துண்டின் ஓரத்தை நெருடிக்கொண்டே வந்தார். எனக்கு மறுபடி பயம் வந்தது. அடுத்த வருடம் வேறு கடைக்குப் போய்விடுவாரோ? சிவாஜிநகர் வந்ததும் திரும்பி, ரகசியம் சொல்கிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வருஷம் ஒரு மாசம் முன்னாடியே சரக்க இறக்கிடுங்கம்மா. நாங்க அதுக்கப்புறம் மறிச்சிக்கிறோம்."