கேதாரத்துக்குப் போன பதினொரு பேர்

நோட்டீஸை எங்கள் தெருப் பெண்களுக்கு வாசித்துக் காட்டியவளே நான்தான். அதனால் பிறகு நடந்ததற்கெல்லாம் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு முழு உரிமை கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்திருந்தேன். அச்செழுத்துப் படிக்கத் தெரிந்த பெண் தெருவில் நான் ஒருத்திதான். மஞ்சள் காகிதத்தில் போட்டிருந்தது இது: பங்குனி உத்திரம் முடிந்த கையோடு கேதாரநாத யாத்திரை. பட்டணத்திலிருந்து கல்கத்தாவுக்குச் சுகமான கப்பல் பிரயாணம். அங்கிருந்து ரயில். அதன் பிறகு மலைப்பாதையில் சொற்ப தூரம் நடை. பனிமலைக் காட்சி. வைகாசி கருட சேவைக்கு முன்பே ஊர் திரும்பிவிடலாம். வழியெல்லாம் நன்கு அறிந்தவர் கூடவே வருகிறார்.

வழியெல்லாம் அறிந்தவர், எங்கள் தெருக்கோடியில் இருந்த ஜரிகை வியாபாரி. சூரத்துக்கு இரண்டு முறை போய் வந்தவர். ஆர்க்காட்டுப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகளிடம் கற்றுக்கொண்ட இந்துஸ்தானி பேசுவார். கேதாரத்துக்கு முன்பே போயிருக்கிறீர்களா என்று யாரோ கேட்டதற்கு, கண்ணை மூடிக்கொண்டு கையைத் தலைக்கு மேல் குவித்தார். போயிருக்கிறார் என்று நாங்களே அர்த்தம் பண்ணிக்கொண்டோம்.

என் கணவர் பட்டு நெய்பவர். தறியில் நெடுக்காக ஏற்றியிருந்த பாவு நூல் அந்த மாதம் முடிந்தது. புதுப் பாவு ஏற்றுவதற்கு முன் போய்விட்டு வரலாம் என்றார். எனக்கும் ஆசைதான். மொத்தம் பதினொரு பேர் கிளம்பினோம்.

சுகமான கப்பல் பிரயாணம் என்பது மேல்தட்டில் தார்ப்பாய்க்கு அடியில், நிலக்கரிப் புகையில், மாட்டுத்தோல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்திருப்பது. பட்டணத்துக் கரை மறைவதற்குள் எட்டுப் பேர் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வியாபாரி எல்லோருக்கும் முன்னால் எடுத்தார். நான் ஒருத்தி எலுமிச்சம்பழத்தை வெட்டி வெட்டி ஒவ்வொரு மூக்காகக் காட்டிக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தார்ப்பாயைப் புரட்டி, ஓரத்தைக் கண்ணருகில் பிடித்து இழை எண்ணிக்கொண்டிருந்தார்.

அவருக்கு அது ஒரு வியாதி. எந்தத் துணியைக் கண்டாலும் கை போய்விடும். கல்கத்தாவில் முன்பின் தெரியாத ஒரு கனவானின் சால்வை முனையைப் பிடித்து உருட்டிப் பார்த்தார். அந்த மனிதர் திருடன் என்று நினைத்துக் கூச்சல் போட்டார். கூட்டம் கூடிவிட்டது. வியாபாரி தன் இந்துஸ்தானியில் சமாதானம் சொல்லப் போய் விஷயம் இன்னும் மோசமாயிற்று. கடைசியில் நான் குறுக்கே புகுந்து, என் முந்தானையை அந்தக் கனவானிடம் நீட்டி, இவர் நெய்தது என்று ஜாடையில் காட்டினேன். ஜரிகையைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் உடனே, "பார்த்தியா, நல்ல மனுசன்," என்றார்.

ரிஷிகேசத்திலிருந்து நடக்க ஆரம்பித்தோம். சொற்ப தூரம் எவ்வளவு என்று முதல் நாள் கேட்டேன். "அதோ, அந்த மலைதாம்மா," என்றார் வியாபாரி. மூன்றாம் நாள் கேட்டேன். அதே பதில், வேறு மலை. பத்து நாள் கழித்துக் கேட்பதை விட்டுவிட்டேன். கீழே ஆறு இரைந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். சாயங்காலம் ஆனால் யாத்ரீகர்களுக்கென்று கட்டிய புல் வேய்ந்த கொட்டகை ஒன்று வரும். சாமான் அங்கேயே வாங்கிச் சமைத்துக்கொண்டு, அங்கேயே படுக்க வேண்டியது. தினமும் உருளைக்கிழங்கு, பருப்பு. கொண்டுபோன புளி ஐந்தாம் நாள் தீர்ந்துவிட்டது. ஆளுக்கொரு குடை கண்டிப்பாக வேண்டும் என்று சொன்ன வியாபாரி, கம்பளி வேண்டும் என்று யாருக்கும் சொல்லவில்லை. பாதி வழியில் எல்லோரும் முரட்டுக் கம்பளி வாங்கிப் போர்த்திக்கொண்டோம். அதில் கூடவே தெள்ளுப்பூச்சியும் வந்தது.

இதற்கு நடுவில்தான் என் கணவர் நடந்துகொண்டே நூல் நூற்பவர்களைக் கண்டுபிடித்தார். அந்த மலையில் ஆடு ஓட்டுகிறவர்கள் கையில் நூல் சுற்றும் ஒரு சின்னக் கதிரைத் தொங்கவிட்டு, அதைச் சுழற்றி, நடக்க நடக்கவே கம்பளி நூற்றார்கள். பார்வை பாதையில், விரல் நூலில். என் கணவர் சொக்கிப் போய்விட்டார். ஒவ்வொரு ஊரிலும் நாங்கள் பத்துப் பேரும் கிளம்பி நிற்போம். அவர் எவனாவது ஓர் ஆட்டுக்காரன் பின்னால் போயிருப்பார். தேடிப் பிடித்து இழுத்து வருவது என் வேலை.

"ஏங்க, சாமி பார்க்க வந்தீங்களா, நூல் பார்க்க வந்தீங்களா?"

"ரெண்டும்தான் இருக்குதே, பார்த்துக்கினே போலாம்," என்பார்.

கௌரிகுண்டம் வந்து சேர்ந்தோம். அங்கே வெந்நீர் ஊற்று உண்டு. கேதாரத்துக்கு முன்னால் கடைசியாகத் தங்குகிற பெரிய இடம் அது. மத்தியானம் பெண்கள் நாங்கள் குளிக்கப் போனோம். இருபது நாள் அழுக்கு, விட்டு வர மனசே இல்லை. திரும்பி வந்தபோது என் கணவரைக் காணோம். வியாபாரி தாடையில் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தார். இரண்டு நாளாக அவருக்குப் பல்வலி.

"அவரு எங்கண்ணா?"

"இங்கதாம்மா இருந்தாரு. எங்கயாவது ஆட்டுக்காரன் பின்னால போயிருப்பாரு. வருவாரு."

இருட்டுகிற வரை வரவில்லை. ஆற்றங்கரையில் நின்று கூப்பிட்டோம். தண்ணீர் இரைச்சலில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. விடிந்தும் வரவில்லை. வியாபாரி கிளம்பியாக வேண்டும் என்றார். வெயில் ஏறினால் பாதையில் கிடக்கும் பனி இளகிவிடும், கால் புதையும் என்று கொட்டகைக்காரன் சொல்லியிருந்தானாம்.

"அவரு பின்னாலயே வந்துருவாரும்மா. ஆம்பளைதானே?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பல்லைக் கையாலேயே பிடுங்கியிருப்பேன். இங்கேயே உட்காரலாமா என்று யோசித்தேன். அவர் பின்னால் இருந்தால் வந்து பிடித்துக்கொள்வார், முன்னால் இருந்தால் நான் போய்ப் பிடிக்கலாம். ஆற்றில் விழுந்திருந்தால்? அதை நினைக்காமல் இருப்பதற்கு ஒரே வழி நடப்பதுதான். நடந்தேன்.

பாதி தூரத்தில் ஒரு கொட்டகை. அங்கே இருந்தவனிடம் வியாபாரி விசாரித்தார். அவன் ஏதோ சொல்லி, மேலே கையைக் காட்டி, பிறகு கையைக் கீழே சரித்துக் காட்டிச் சிரித்தான்.

"இன்னா சொல்றான்?"

"மேல போனாருன்றான். இல்லாட்டி... விழுந்துட்டாருன்றான். ஒண்ணியும் சரியா புரியலைம்மா."

"உங்களுக்குத்தான் பாஷை தெரியுமே!"

அவர் எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

அதற்கு மேல் பாதையே இல்லை. மலைச்சரிவிலிருந்து இறங்கி வந்து உறைந்துபோன பனி, வழியை மூடி, ஆற்றையும் மூடி, எதிர்க்கரை வரை கிடந்தது. மண்வெட்டியால் படி வெட்டியிருந்தார்கள். வைக்கோல் பின்னிய செருப்பை வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகக் காலை வைத்தோம். அடியில் ஆறு ஓடுகிற சத்தம் உள்ளங்காலில் அதிர்ந்தது. என் புடவை ஓரம் நனைந்து, குளிரில் கஞ்சி போட்ட பாவு மாதிரி விறைத்துக்கொண்டு கணுக்காலை அறுத்தது.

எனக்கு முன்னால் போன வியாபாரி நடுவில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை. தாடையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"நான் அரித்துவாரத்தைத் தாண்டினதே இல்லைம்மா. அங்க வரைக்கும்தான் வந்தேன். இந்த மாதிரின்னு யாரு கண்டா?"

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த வசவெல்லாம் என் வாய் வரை வந்தது. ஆனால் எனக்குப் பின்னால் எட்டுப் பேர் ஒரு அடி அகலப் படியில் நடுங்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். அவரைத் திட்டக்கூட அங்கே இடம் இல்லை. என் குடையின் பிடியை அவர் கையில் கொடுத்து, முன்னால் போய் இழுத்தேன். அப்படி இழுத்துக்கொண்டேதான் மறுபக்கம் ஏறினோம். நோட்டீஸை வாசித்தவள்தான் கடைசியில் வழியும் காட்ட வேண்டியதாயிற்று.

வெயில் உச்சிக்கு வந்தபோது மணிச்சத்தம் கேட்டது. கருங்கல் கோயில். அதற்குப் பின்னால் வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு வெள்ளை. எல்லோரும் கீழே விழுந்து கும்பிட்டார்கள். நான் விழவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டி நாலு ஆட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவதாக என் கணவர். கையில் கதிர். நூல் அறுந்து அறுந்து போக, மறுபடி முடிபோட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இவ்ளோ நேரமா? காலைலேந்து பார்த்துக்கினு இருக்கேன்."

குடையைத் தூக்கி அவர் மேல் எறிந்தேன். தோளில் பட்டது. ஊரார் முன்னால் புருஷனை அடித்தவள் என்ற பெயர் எனக்கு அன்றோடு வந்தது, இன்றுவரை போகவில்லை. பிறகு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அவர் பதறிப் போய்விட்டார். "இன்னாம்மா, இன்னா ஆச்சு? சொல்லிட்டுத்தானே வந்தேன்! இவங்க கூடப் போறேன், மேல வந்துருங்க, வீட்ல சொல்லிருங்கன்னு அண்ணன்கிட்ட சொன்னனே!"

எல்லோரும் வியாபாரியைப் பார்த்தார்கள். அவர் தாடைத் துணியை அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"சொன்னாரு," என்றார். "பல்வலில காதுல விழுந்துது, மனசுல விழலை."

உள்ளே போனோம். அங்கே லிங்கம் நம் ஊர் மாதிரி இல்லை, காளையின் திமில் போல ஒரு பாறை. யார் வேண்டுமானாலும் தொடலாம், நெய் தடவலாம். வீட்டில் இருந்தபோதே என்னென்ன வேண்டிக்கொள்வது என்று வரிசையாக மனதில் வைத்திருந்தேன். ஒன்றுகூட நினைவு வரவில்லை. பாறையில் கையை வைத்து, இந்த இரண்டு ஆண்களைப் பற்றியும் புகார்தான் சொன்னேன். என் பக்கத்தில் என் கணவர் கையை வைத்தார். விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. ஒரு ராத்திரி முழுக்க, ஒற்றைக் கம்பளியில், அந்தக் குளிரில் இருந்திருக்கிறார். நெய்யோடு சேர்த்து அந்த விரல்களைத் தேய்த்துவிட்டேன்.

பிற்பகல் கோயிலுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் இருவரும் நடந்தோம். பனி ஆறு மலையிலிருந்து இறங்கி வந்து நிற்கும் இடம் அது. அழுக்கும் கல்லும் கலந்த பெரிய சுவர். அதன் அடியிலிருந்து தண்ணீர் புறப்படுகிறது. உள்ளே எங்கேயோ கட்டடம் விரிசல் விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இவர் எதையாவது தொட்டுப் பார்ப்பார் என்று எரிச்சலோடு காத்திருந்தேன். தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். அந்தக் கால் மணி நேரம்தான் அந்த மூன்று மாதத்தில் எனக்கு யார் மேலும் கோபம் இல்லாத நேரம்.

இறங்கும்போது அவருடைய இடது கால் விரல்கள் இரண்டு கறுத்துவிட்டன. நடக்க முடியாமல், முதுகில் கூடை கட்டி ஆள் சுமப்பவர்கள் தூக்கி வந்தார்கள். கூடைக்குள் உட்கார்ந்துகொண்டு நூல் நூற்றார். வியாபாரிக்கு ரிஷிகேசத்தில் ஒரு நாவிதர் பல்லைப் பிடுங்கினார். அதன் பிறகு அவர் மறுபடியும் எல்லாம் தெரிந்தவராகி, கப்பலிலேயே திரும்பலாம் என்று ஆரம்பித்தார். பத்துப் பேரும் ஒரே குரலில் ரயில் என்று கத்தினோம்.

ஊர் வந்து சேரும்போது ஆனி பிறந்துவிட்டது. கருட சேவை முடிந்து பந்தலையும் பிரித்திருந்தார்கள். தெருவே வந்து எங்கள் காலில் விழுந்து தீர்த்தம் வாங்கிக்கொண்டது. பனிமலை எப்படி இருந்தது, கைலாசம் மாதிரியா என்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். "குளிரா இருந்துது," என்றேன். வேறு ஒன்றும் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. கூடத்தில் என் கணவர் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, ஆட்டுக்காரர்கள் கதிர் சுழற்றும் விதத்தைப் பற்றி ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேதாரநாதரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.