லிட்டருக்கு இருபத்திரண்டு

கார் வாங்கிய அன்று கொடுத்த வழவழப்பான புத்தகத்தில், லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. அச்சில் வந்ததை நம்புகிறவன் நான், எழுதிப் பிழைக்கிறவன். வண்டி கொடுத்ததோ பதினான்கு. மீதி எட்டு எங்கே போகிறது?

வண்டியை ஓட்டியது மனைவியின் தம்பி. தினமும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அக்காவைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவான். அவனுக்கு ஒரு பழைய பைக் உண்டு. அதன் டேங்க் என் கனவில் வரத் தொடங்கியது. கார் டிக்கியில் கிடந்த பச்சை ட்யூப் கண்ணை உறுத்தியது.

"மாப்ள, வண்டி எம்புட்டு குடுக்கு?" சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"புத்தகத்த மறந்துருங்கத்தான். கம்பெனிக்குள்ள உருள மேல ஏத்தி, ஏசி போடாம, சக்கரத்தச் சுத்தவிட்டு எழுதுன கணக்கு அது. நம்ம ரயில்வே கேட்டுல வந்து செத்த நேரம் நின்னு எழுதச் சொல்லுங்க."

பதில் தயாராக இருந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டையைக் கழற்றி வாசல் கேட்டில் போட்டுவிட்டு, அந்தப் பச்சை ட்யூப்பால் கார் கழுவிக்கொண்டிருந்தான். சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். வியர்வை, சோப்பு. பெட்ரோல் இல்லை. நிமிர்ந்தால் மனைவி. அவளுக்குப் பின்னால் அவன்.

"குடுங்கத்தான்." சட்டையை வாங்கிக்கொண்டு சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை.

அந்த வாரம் நானே ஓட்டினேன். திங்கள்கிழமை டேங்க் வாய்வரை, வண்டியைக் குலுக்கிக் குலுக்கி நிரப்பினேன். மூடிய கேட், மில் பஸ்கள், வேகத்தடைகள், தேரடிக் கூட்டம். பக்கத்தில் மனைவி. சனிக்கிழமை அதே பங்க்கில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை வகுத்தேன்.

"என்ன வந்துச்சு?" ஆறு நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி.

"பதிமூணு."

சாய்ந்து என் காலரைப் பிடித்திழுத்து மோந்தாள். "பெட்ரோல் வாடை இல்லையே. பொறவு எங்க ஊத்தி வச்சிருக்கீக?" சிரிக்கவில்லை.

வண்டியை நேரே அவன் வீட்டுக்கு விட்டேன். பனியனோடு வாசலுக்கு வந்தான். என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். நான் இறங்கி, ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"மொதல்ல வண்டிய அமத்துங்கத்தான், பெட்ரோல் போகுது" என்றான். "சட்டையப் போட்டுட்டு வாரேன்."