ஒன்பது ஓட்டை ஸ்மோக்கர்

போன வருஷம் ஐப்பசியில் லைட்ஹவுஸ் குப்பத்தில் நான்கு நாள் விடாத மழை. மணலில் காயப்போட்டிருந்த மீன் முழுக்கப் புழுத்துப்போனது. என் கையாலேயே குழி தோண்டி மூன்று கூடை மீனைப் புதைத்தேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இனி ஒரு மீனையும் புதைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அதனால்தான், மூடிப்போன கடலோர விடுதியின் பின்பக்கம் அந்த பார்பிக்யூ ஸ்மோக்கரைப் பார்த்ததும் என் கால் நகரவில்லை. படுக்கவைத்த இரும்பு டிரம், பக்கத்தில் விறகு போட ஒரு பெட்டி, மேலே புகைபோக்கி. வெயிலே இல்லாவிட்டாலும் புகையில் மீன் காயும். உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். ஒன்பது ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. காவலாளி, "எடுத்துனு போய் மூட்டிப் பாரும்மா. சரிப்பட்டா வாங்கு, இல்லாங்காட்டி திருப்பிக் குடு" என்றார்.

"இன்னாமே, இந்தத் துரு டப்பாவ வச்சினு இன்னா பண்ணப் போற?" என்றார் என் வீட்டுக்காரர். அப்படிச் சொன்னாரே தவிர, ஓட்டையைப் பார்த்ததும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் குப்பத்தில் எது ஓட்டையானாலும் வைத்தியம் ஒன்றுதான்: ஃபைபர் துணியும் ரெசின் பசையும். படகு, தண்ணீர்த் தொட்டி, உடைந்த நாற்காலி எல்லாவற்றுக்கும் அதுவே. ஒன்பதையும் ஒட்டி, வழவழவென்று தேய்த்தும் கொடுத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இது தண்ணீரில் மிதக்கப் போவதில்லை, நெருப்பில் நிற்கப் போகிறது என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

விறகை மூட்டியதும் ஒட்டுகள் கொப்பளித்துக் கரும்புகை கிளம்பியது. சாயங்காலம், உள்ளே தொங்கிய மடவை மீனைப் பிட்டு வாயில் வைத்த வீட்டுக்காரர் தூவென்று துப்பினார்.

"படகையே கடிச்ச மாதிரி கீது. திருப்பிக் குடுத்துடு."

நான் மீனை அழுத்திப் பார்த்தேன். நாற்றமடித்தது, ஆனால் கெட்டியாகக் காய்ந்திருந்தது.

"ஒட்டுதான் கெட்டுது. டிரம் அதோட வேலைய செஞ்சிருக்கு. நான் வாங்கத்தான் போறேன்" என்றேன்.

வாங்கினேன். இரண்டு நாள் உளியால் ரெசினைச் செதுக்கினேன், கை கொப்பளித்தது. பொன்னேரிக்கு ஏற்றிப்போய் ஒன்பது ஓட்டைக்கும் தகடு வைத்து வெல்டிங் செய்து, கொண்டுவந்து கீற்றுக் கொட்டகையில் நிறுத்தினேன்.

இந்த ஐப்பசியிலும் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை, வீட்டுக்காரர் போன வருஷ நினைப்பில், மீனைப் புதைக்க மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"அத்த வச்சிட்டு விறகு எடுத்துனு வாய்யா" என்றேன்.