பக்கத்துப் பல்லின் அளவு

பல் செட் செய்யும் லேபில் இருபத்தெட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறவர் என்பதால், ரயில் மாதிரிச் சங்கத்தில் அவருக்குப் பல்லு என்றே பெயராகிவிட்டது. நூலகத்து மாடியில் மூன்று மேஜைகளை ஒட்டிப் போட்டு, நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்காக ஒரு சின்ன ஊரையே வைத்திருந்தார்கள். தண்டவாளம், நிலையம், சிக்னல் எல்லாம் தயார். நிலையத்துக்கு எதிரே இருந்த இரும்புச் சாமான் கடை மட்டும் வெறும் கூடாக நின்றது.

"கடைய என்கிட்ட விடுங்கண்ணே. சரக்கு நான் ரொப்பறேன்" என்று பல்லுதான் கேட்டு வாங்கினார்.

கேட்டதற்குக் காரணம் வேறு. அதற்கு முந்தைய வாரம் சட்டைப் பொத்தான் போடும்போது அவருடைய வலது கட்டைவிரல் தானாக ஆடியது. பிடித்தால் நின்றது, விட்டால் ஆடியது. டாக்டரிடம் போகவில்லை, மனைவியிடமும் மூச்சு விடவில்லை. கையை வைத்துப் பிழைக்கிறவன் அதை வாய்விட்டுச் சொன்னால் அன்றைக்கே பிழைப்புப் போச்சு. அதனால் தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். அரிசி மணி அளவில் நாற்பது சாமான். ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டால் கைக்கு ஒன்றுமில்லை, வெறும் அசதி.

முதல் வாளியை மட்டும் வெர்னியர் அளவுகோலில் அளந்து செய்தார். மாத்திரை அட்டைத் தகட்டை வெட்டிச் சுருட்டி, செம்புக் கம்பி இழையைக் கைப்பிடியாக வளைத்து, ஊசி முனையில் பசை தொட்டு ஒட்டினார். மூன்றரை மில்லிமீட்டர், அச்சு அசல். அதற்குப் பிறகு அளக்கவில்லை. லேபில் ஒவ்வொரு பல்லையும் யார் அளந்துகொண்டிருக்கிறார்கள்? பக்கத்துப் பல்லைப் பார்த்துச் செய்வதுதான் வழக்கம். அப்படியே வாளியைப் பார்த்து எண்ணெய் டின், டின்னைப் பார்த்துக் கயிற்றுச் சுருள், சுருளைப் பார்த்து ஆணி டப்பா என்று போனது. லென்ஸுக்கு அடியில் எப்போதும் இரண்டே சாமான்கள், முடிந்தது ஒன்று, முடியாதது ஒன்று.

மூச்சை அடக்கி, மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்தி, விரல் ஆடி ஓயும்வரை காத்திருந்து ஒட்டுவார். ஆணி டப்பா நாலு தடவை சாமணத்திலிருந்து எகிறிப் போனது.

"தரையில என்ன தேடுறீங்க?"

"ஆணி டப்பா."

"எங்க விழுந்துச்சு?"

"தெரிஞ்சா தேடுவேனா?"

மனைவி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு நகர்ந்தாள். "உங்க கடையப் பெருக்கித் தள்ளின பாவம் எனக்கு வேண்டாம்."

மூன்று மாதத்தில் நாற்பதும் முடிந்தன. தராசு முதல் தடவையிலேயே பிசகாமல் நின்றது. அன்றைக்கு அவர் குளிக்கும்போது பாடினார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் ஒவ்வொன்றாகக் கடைக்குள் வைத்தார். சங்கத் தலைவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் கார்டுதான். அவர் டப்பாவிலிருந்து கடைக்காரரை எடுத்து வந்தார். இரண்டு சென்டிமீட்டர் ஆள், ரெடிமேடாக வாங்கியது. தராசுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்னப்பா பல்லு, தராசு இவன் கழுத்து வரைக்கும் வருது? இவனே ஏறி உக்காந்து எடை பாத்துக்கலாம் போல."

பின்னாலிருந்து இன்னொரு உறுப்பினரான தபால்காரர் எட்டிப் பார்த்தார். "வாசல்ல தொங்குற வாளியப் பாருங்க. புள்ளைகுட்டியோட உள்ள எறங்கிக் குளிக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பல்லுவும் சிரித்துக்கொண்டே வெர்னியரை எடுத்தார். அலமாரியின் இடது மூலையில் முதல் வாளி, மூன்றரை. வாசலில் கடைசி வாளி, ஐந்தரை. தனக்குப் பிடிபடும் அளவுக்குச் சாமானை மயிரிழை மயிரிழையாகக் கை பெரிதாக்கிக்கொண்டே போயிருக்கிறது. கண்ணும் கூடவே ஒத்து ஊதியிருக்கிறது.

போன மாதம் இரண்டு பல் செட்டுகள் லேபுக்குத் திரும்பி வந்தன. போட்டால் வாய் மூடவில்லையாம். அச்சு எடுத்த டாக்டருக்கு வேலை தெரியவில்லை என்று அவர்தான் சத்தம் போட்டிருந்தார்.

"விடுப்பா. பெருசா இருக்கறத மட்டும் திரும்பச் செஞ்சுடு. உன் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார் கார்டு.

"சரிண்ணே" என்று கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வீட்டில் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். டம்ளரில் பாதிதான் இருந்தது.

"பால் தீந்துடுச்சா?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் பாதி?"

"ரொம்ப ஊத்தினா கீழ சிந்திடுறீங்க." அவள் எதிரே உட்கார்ந்தாள். "ரெண்டு மாசமா பாதிதான் ஊத்துறேன். இன்னிக்குத்தான் உங்க கண்ணுல படுது."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவர் டீயைத் தொடவில்லை. "லேபுல சொல்லணும்."

"நாளைக்குச் சொல்லிடுங்க."

"சொன்னா என்ன சொல்லுவாங்கன்னு தெரியும்."

அவளுக்கும் தெரியும்.

நாளைக்கு லேபில் அவருடைய மேஜையில் ஒரு கீழ்த்தாடை அச்சு காத்திருக்கும். யாரோ ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு ஆறு முன்பற்கள், புதன்கிழமைக்குள் வேண்டுமாம். அதைக் கையில் எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். எடுத்துச் செய்துவிட்டால் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும்.