காத்தாடியும் நாற்காலியும்

விமானத்துக்கு மறுபடியும் காத்தாடி வரப்போகிறது என்ற சேதி ஓசூர் தொழிற்பேட்டைக்கு வந்தபோது, அதைக் கேட்டு வயிறெரிந்த ஒரே ஆள் மாதேஸ்வரியாகத்தான் இருக்கும். கம்பெனியில் லட்டு கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். ஜெட் விமானம் குடிக்கிற எண்ணெய் கட்டுப்படியாகவில்லையாம். எஞ்சினுக்கு வெளியே பெரிய விசிறியைச் சுழலவிட்டால் செலவு குறையுமாம். இனி பெரிய பயணிகள் விமானங்களிலும் அது வருமாம். வரட்டும், யார் வேண்டாம் என்றது? அந்த விசிறியின் இறக்கையை நின்றுகொண்டு தேய்க்கப் போவது அவர்கள் இல்லையே.

அதுவரை மாதேஸ்வரிக்கு உட்கார்ந்த வேலை. ஜெட் எஞ்சினுக்குள்ளே போகிற சின்னச் சின்னத் தகடுகளை மேசையில் வைத்து மெருகேற்ற வேண்டும். கெலவரப்பள்ளிப் பக்கம் அடுத்தவர் கழனியில் குனிந்தே வளர்ந்தவளுக்கு அந்த நாற்காலி ஒரு பதவி மாதிரி இருந்தது. ரெக்சின் கிழிந்து, ஒரு கால் ஆடும். வீட்டிலிருந்து பழைய துண்டைக் கொண்டுபோய் மடித்துப் போட்டிருந்தாள். காத்தாடி ஆர்டர் வந்ததும் பழைய வேலையை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நாற்காலியும் அதோடு போயிற்று. துண்டை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

புது இறக்கை ஆளைவிட உயரம். கார்பன் நாரையும் பிசினையும் சேர்த்து அச்சில் செய்த கறுப்பு இறக்கையை ஒரு தாங்கியில் செங்குத்தாக நிறுத்தியிருப்பார்கள். பெயிண்ட் அடிக்கும் முன் அதை உப்புத்தாளால் கையாலேயே தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அண்ணாந்தபடி, கையைத் தூக்கியபடி, ஷிப்ட் முழுக்க. வருஷம் திரும்புவதற்குள் வலது தோள் போய்விட்டது. தலை பின்னக்கூட கை எழவில்லை. வீட்டுக்காரன் ஆஞ்சப்பன்தான் கொண்டை போட்டுவிட்டான்.

"ஒலகமே சுத்திச் சுத்தி மறுபடி காத்தாடிக்கே வந்துடுச்சு. நீ எப்ப நாற்காலிக்கு வரப்போற?" என்று கேலி செய்துகொண்டே முடியை இழுப்பான். மனசு சரியில்லாதபோதுதான் ஆஞ்சப்பன் கேலி செய்வான்.

நாற்காலிக்கு ஒரு வழி இருந்தது. பேக்கிங் மேசையில் ஒரு இடம் காலி. அங்கே உட்கார்ந்துகொண்டே சின்னச் சாமான்களைப் பொட்டலம் கட்டலாம். சூப்பர்வைசர் கமலக்கண்ணன் வாக்குக் கொடுத்திருந்தான். "மொதல் செட்டு எந்தக் கொறையும் இல்லாம கெளம்பட்டும்க்கா. அந்த எடம் உங்களுக்குத்தான்." எடை பார்த்து ஜோடி சேர்த்த இறக்கைகள் சேர்ந்தது ஒரு செட்டு. ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும்.

குறை வராமலிருக்க வாசலிலேயே போர்டு மாட்டியிருந்தது. தலையில் பூ கூடாது, எண்ணெய் கூடாது, முகத்தில் மஞ்சள் கூடாது, தைலம் கூடவே கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் குழி விழும். மாதேஸ்வரி பூவை விட்டாள், எண்ணெயை விட்டாள், மஞ்சளையும் விட்டாள். தைலத்தை மட்டும் விட முடியவில்லை. ரவிக்கைக்குள்ளே பூசி மேலே கோட்டு போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? பிசின் நாற்றத்தில் தைல வாசனை எங்கே எழும்பப் போகிறது?

ஆயுத பூஜைக்கு கம்பெனியில் பொரியும் பழமும் வைத்துப் படைத்தார்கள். இயந்திரங்களுக்கு மட்டும் பொட்டு வைக்கலாம், இறக்கைகளைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். குங்குமத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் சத்யப்ரியா. விருதுநகர்ப் பக்கத்துப் பெண். மாதேஸ்வரியோடு நின்று இறக்கை தேய்ப்பவள். கான்ட்ராக்டில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

லீவு முடிந்து வந்த அன்றே கடைசி இறக்கைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். காய்வதற்குள் அம்மை போட்ட மாதிரி குழி விழுந்தது.

"எவளோ பொட்டு வச்சிட்டுத் தொடச்சிருக்கா" என்றான் கமலக்கண்ணன். எல்லார் கண்ணும் சத்யப்ரியாவின் மேல் விழுந்தது. "சாமி சத்தியமா நான் பக்கத்துல கூடப் போகல சார்" என்று அவள் அழுதாள். கான்ட்ராக்டர் ஆள் வந்து, அடையாள அட்டையைச் சாயங்காலம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னான்.

மாதேஸ்வரி இறக்கையின் கிட்டே போய்ப் பார்த்தாள். குழிகள் விழுந்திருந்தது சரியாக அவள் தோள் உயரத்தில், கையகலத்துக்கு. பூஜைக்கு முன்னால் இதைத் தேய்த்து முடித்தபோது நிற்க முடியாமல், ஒரே ஒரு நிமிஷம், வலது தோளை இறக்கையின் மேல் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கோட்டையும் தாண்டித் தைலம் இறங்கியிருக்கிறது. பெயிண்டுக்கு முன்னால் என்ன துடைத்தும் அது போகவில்லை.

சாப்பாட்டு வேளையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்காலி கிடைக்கும். செட்டு கொஞ்சம் தாமதமாகக் கிளம்பும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு வேறு கம்பெனி கிடைக்காதா என்ன? ஓசூரில் கம்பெனிக்கா பஞ்சம்? இப்படித் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்லத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. எதிரே சத்யப்ரியா டிபன் டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாதேஸ்வரி எழுந்து கை கழுவிவிட்டு நேராகக் கமலக்கண்ணனிடம் போனாள்.

"அது பொட்டு இல்ல சார். என் தோளு. தைலம் பூசியிருந்தேன், சாஞ்சிட்டேன்."

அவன் வாசல் பக்கம் கையைக் காட்டினான். "ஏங்க்கா, போர்டே வச்சிருக்குது இல்ல?"

"வலிக்குது சார். போர்டுக்கு வலிக்காது."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அப்புறம் அவளுக்குத் தோன்றியது. போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்தான். "அந்தப் பொண்ணு இருக்கட்டும்னு சொல்லிட்டேன். பெயிண்டு மொத்தமும் தேச்சு எடுத்துட்டு மறுபடி அடிக்கணும். நீங்கதான்க்கா தேக்கணும். உங்க கை மாதிரி இங்க வேற கை இல்ல. உங்கள இப்ப பேக்கிங்குக்கு விட முடியாது. அங்க சத்யப்ரியாவப் போடறேன்."

நல்ல கை என்று பெயர் எடுத்ததற்கு இப்படி ஒரு கூலி.

சத்யப்ரியா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அது ஒங்க எடம்க்கா. நான் போகல. சார்கிட்ட சொல்லிருதேன்."

மாதேஸ்வரிக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. இரண்டுக்கும் உடம்பில் தெம்பு இல்லை.

"போடி, போய் உக்காரு. ரெண்டு பேரும் நின்னு என்ன ஆவப்போவுது? அந்த நாற்காலியில முதுகுக்குத் துண்டு போட்டுக்க. நாளைக்கு நான் எடுத்தாறேன்."

சத்யப்ரியா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மாதேஸ்வரி இறக்கையின் முன்னால் போய் நின்றாள். பையிலிருந்த தைலப் புட்டியைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, உப்புத்தாளை மடித்து, வலது கையை மேலே தூக்கினாள்.