ஒரு சுற்றுக்கு மூன்று மீட்டர் குறைவு

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது சித்தப்பா எனக்குப் பின்னால் நின்று படித்தார். "அந்த ஐயாயிரம் மீட்டர் கதையெல்லாம் இன்னாத்துக்குமா எழுதிகினு கீற? நல்லதா நாலு வார்த்த எழுதிட்டு வுடேன்" என்றார். சித்தப்பா மன்னிக்க வேண்டும். நான் விடப்போவதில்லை. அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

அப்பா, பாலாற்றை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் விவசாயக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட்டதால், விடியலில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுச் செங்கல்பட்டுக்குச் சைக்கிள் மிதித்துப் போய்ப் படித்தார். மாவட்ட ஓட்டப் போட்டிக்குப் போன இடத்தில், காலில் ஷூ இல்லை என்று அவரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார்களாம். "ஷூ போடணும்னு எந்த விதியில கீது, காட்டுங்க" என்று கேட்டு, விதிப்புத்தகத்தை வரவழைத்து, அப்படி ஒரு வரி இல்லை என்று காட்டிவிட்டுத்தான் ஓடினாராம். நான்காவதாக வந்தார். "நாலாவதுதான், ஆனா ஓடுனேன்" என்று சாகும்வரை பெருமையடித்துக்கொண்டார்.

உடற்கல்வி படித்து, செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநரானார். சில ஆண்டுகளில் எங்கள் மண்டலக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து அவரைப் போட்டிகளின் செயலாளராகத் தேர்ந்தெடுத்தன. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை எந்தக் கல்லூரி எந்தக் கல்லூரியோடு, எங்கே, எத்தனை மணிக்கு ஆடுவது என்று முடிவு செய்வதும், யார் ஆடத் தகுதியானவர் என்று பார்ப்பதும், சண்டை வந்தால் தீர்ப்பதும் அந்தப் பதவியின் வேலை. எல்லா அணித் தலைவர்களையும் நிற்க வைத்து, எங்கள் வீட்டுச் சொம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்கித்தான் அட்டவணை போடுவார். குறித்த நேரத்துக்கு மேல் பதினைந்து நிமிடம் காத்திருப்பார். அதற்குப் பிறகும் வராத அணி தோற்ற அணி. கேளம்பாக்கத்தில் டிராபிக் என்று போன் செய்து கெஞ்சிய முதல்வர்களிடம், "நாங்களும் அந்த ரோட்லதான் சார் வந்தோம்" என்பார். ஒரு வீரரின் அடையாள அட்டை போலி என்று தெரிந்ததும் தன் கல்லூரிக் கபடி அணியையே போட்டியிலிருந்து நீக்கினார். அந்த வாரம் முழுக்க அவரோடு டீ குடிக்க ஸ்டாஃப் ரூமில் ஆளில்லை.

இனி சித்தப்பா வேண்டாம் என்ற கதை.

அந்த ஆண்டு தடகளப் போட்டிக்கு முந்தின இரவு மழை கொட்டி, மைதானத்தில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடுகளைக் கரைத்துவிட்டது. காலையில் ஆட்கள் வருவதற்குள் அப்பாவே சுண்ணாம்பு டின்னை எடுத்துக்கொண்டு கோடு போட்டார். சுண்ணாம்பு பட்ட இடத்தில் புல் கருகும். கருகிய தடம் அடுத்த ஆண்டு வரை மங்கலாகத் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டு மேற்கு வளைவில் தண்ணீர் தேங்கியதால், கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டு, தொடக்க இடத்தை மாற்றிச் சரிக்கட்டியிருந்தார்கள். அவசரத்தில் அப்பா அந்தப் பழைய தடத்தின் மேலேயே டின்னைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்; தொடக்க இடத்தை மாற்றவில்லை. மைதானத்தோடு பழகிய மனிதர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

அன்று பெண்கள் ஐயாயிரம் மீட்டரில் சதுரங்கப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண் கன்னியம்மாள் பன்னிரண்டரைச் சுற்று ஓடி, மண்டலப் பதிவை ஐந்து நொடி வித்தியாசத்தில் உடைத்தார். அந்த நேரத்தைக் காட்டினால் பல்கலைக்கழக அணியில் இடம் உறுதி. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள்.

மாலையில், பரிசளிப்புக்கு முன், அப்பாவுக்கு அந்த வளைவு உறுத்தியது. அப்போது நான் கல்லூரி மாணவி. டேப்பின் ஒரு முனையைப் பிடித்தவள் நான்தான். ஆணி குத்தி, ஆணியை ஒட்டி டேப்பை வளைத்து அளந்தோம். ஒரு சுற்றுக்கு மூன்று மீட்டர் குறைந்தது. மொத்த ஓட்டத்துக்கும் நாற்பது மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. அந்தத் தூரத்தை ஓட கன்னியம்மாளுக்கு எட்டு நொடியாவது ஆகியிருக்கும். அப்படியானால் பதிவு உடையவே இல்லை.

"அப்பா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

"எனக்குத் தெரிஞ்சிபோச்சே. உனக்கும் தெரிஞ்சிபோச்சு. ரெண்டு பேர் ஆயிட்டோம்" என்றார் அப்பா. நேராகப் போய் மைக்கைப் பிடித்தார். "மேற்கு வளைவுல கோடு தப்பு. போட்டது நான். ஜெயிச்சவங்க ஜெயிச்சவங்கதான், நேரம் மட்டும் செல்லாது" என்று பரிசளிப்பு மேடையிலேயே சொன்னார்.

கன்னியம்மாள் ஓடி வந்து அவர் முன்னால் நின்றார். "இன்னா சார் இது? கோடு நீ போட்ட, நான் ஓடுனேன். உன் தப்புக்கு என் ரெக்கார்ட ஏன் சார் எடுக்குற?" என்று கத்தினார். அந்தக் கேள்வியை இன்றும் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மண்டலக் குழு கூடி, மைக்கில் சொன்னதைத் திரும்பப் பெறச் சொன்னது. அப்பா மறுத்தார். நேரத்தை நீக்கவும், அந்தப் பெண்ணுக்கு இன்னொரு வாய்ப்புத் தரவும் பல்கலைக்கழகத்துக்கு ஒரே கடிதத்தில் எழுதினார். அனுமதி வந்தது. அடுத்த வாரம், கன்னியம்மாள் கண்ணெதிரே அப்பா முழுச் சுற்றையும் இரண்டு முறை அளந்து காட்டினார். கன்னியம்மாள் மறுபடியும் ஓடினார். இங்கே அவர் பதிவை உடைத்தார் என்று எழுதினால் உங்களுக்கும் நிறைவாக இருக்கும், எனக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் உடைக்கவில்லை. மூன்று நொடியில் தவறிப்போனது. பல்கலைக்கழக அணியில் இடமும் கிடைக்கவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் வேறொருவரைச் செயலாளராக்கினார்கள். அப்பா சொம்பை வீட்டுக்கு எடுத்து வந்தார். அம்மா அதைக் கழுவிப் பழையபடி மோருக்கு வைத்துக்கொண்டார்.

கன்னியம்மாள் பிறகு கடற்கரையோரப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையானார். ஒருமுறை மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் அப்பாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அன்று அப்பா சாப்பிடவில்லை. "அந்தப் பொண்ணு கோவம் நியாயம்தான்" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். பணி ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் கோட்டை அவரே அளந்தார். நெஞ்சுவலி வந்து கடைசி பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தபோதும், தூக்கத்தில் அவர் விரல்கள் போர்வை ஓரத்தை அளந்துகொண்டிருந்தன.

இறுதிச் சடங்கன்று அந்தக் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற முதல்வர் ஒருவர் வந்திருந்தார். பந்தலில் உட்கார்ந்து, எல்லார் காதிலும் விழும்படி, "நல்ல மனுஷன்தான். ஆனா பிடிவாதத்துல ஒரு பொண்ணு வாழ்க்கையக் கெடுத்துட்டாரு" என்றார். எனக்குக் கொதித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். கன்னியம்மாள். காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

"சார், அத நான்தான் சொல்லணும். இத்தினி வருசமா நான் சொல்லல, நீங்க சொல்லாதீங்க" என்றார். "எனக்குக் கோவம் இருந்திச்சி. இன்னும் கொஞ்சம் கீது. ஆனா அன்னிக்கு மேடையில அத்தினி பேர் இருந்தீங்க. தப்பு என்னுதுன்னு சொன்ன ஆளு இவரு ஒருத்தர்தான்." பிறகு அப்பாவின் காலடியில் மாலையை வைத்துவிட்டு, கடைசிவரை எங்களோடு நடந்து வந்தார்.

அப்பாவுக்கு இரவும் பகலும் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அவரைத் தோளில் சுமந்த மைதானப் பணியாளர்களுக்கும், அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கத் தேவையில்லாமல் சாப்பாடு கொண்டுவந்து தந்த, நாங்கள் வசிக்கும் படூர் குடியிருப்பு நண்பர்களுக்கும், கோபத்தோடு வந்து நின்ற கன்னியம்மாள் அக்காவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கடைசியில் ஒரு வரியும் வெட்டாமல் இதை அச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்த சித்தப்பாவுக்கும் நன்றி.

அப்பா செய்தது தவறு என்று இன்னும் நினைப்பவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். தாராளமாக இன்னொரு நாள் வீட்டுக்கு வாருங்கள், காபி தருகிறேன். மைதானம் அதே இடத்தில்தான் இருக்கிறது. டேப் என்னிடம் இருக்கிறது. ஒரு முனையை நீங்கள் பிடியுங்கள்.